மால்டாவில் ஏழு நாள்: கையைக் கடிக்காமல் சுற்றுவது எப்படி

மத்தியதரைக் கடலில் உள்ள மால்டாத் தீவின் நீளம் 27 கிலோமீட்டர்தான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஒரே ஒரு பேருந்துச் சீட்டு போதும். அப்படியிருந்தும், ஒரு வாரத்தை 330 யூரோவில் முடித்துவிட்டுத் திரும்புகிறவரும் உண்டு, அதே வாரத்துக்கு 900 யூரோ கொட்டிவிட்டு வருகிறவரும் உண்டு. இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு விமானம் ஏறும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது: எந்த மாதம் போகிறீர்கள், எந்த ஊரில் படுக்கிறீர்கள். எனவே அந்த இரண்டிலிருந்தே தொடங்கலாம். கீழே வரும் விலைகள் ஏறத்தாழ. கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம்

ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். வெயில் 35 டிகிரியைத் தொடும், அறை வாடகை இரு மடங்காகும், நிரம்பிய பேருந்துகள் நிறுத்தத்தில் நிற்காமலே போகும். அதிலும் ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புத் திருநாள். இத்தாலியர் பாதிப் பேர் விடுமுறையில் இருக்கும் வாரம் அது. மால்டாவின் பக்கத்துத் தீவான கோசோவில் அப்போது மலிவு அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

பணம் குறைவாக உள்ளவர்களுக்கு ஏற்றவை மே மாதமும் அக்டோபரும். இரண்டில் ஒன்று என்றால் அக்டோபர். கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போதும் 23, 24 டிகிரியில் இருக்கும். மே மாதத்தில் வெயில் இதமாக இருந்தாலும் தண்ணீர் இன்னும் குளிரும். அக்டோபரில் எப்போதாவது ஒரு பெருமழை கொட்டி, தாழ்வான தெருக்களில் வெள்ளம் ஓடும். அரை நாளில் வடிந்துவிடும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை படுக்கை மிக மலிவு. ஆனால் வெளியே 15 டிகிரிதானே என்று ஏமாந்துவிட வேண்டாம். வீடுகள் சுண்ணாம்புக் கல்லால் கட்டியவை. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பல மலிவு விடுதிகளில் சூடேற்றும் வசதி பெயரளவுக்குத்தான். வெளியே நடக்கும்போது சட்டை போதும், அறைக்குள் ஸ்வெட்டர் வேண்டும். வடகிழக்குக் காற்று வலுத்தால் படகுகளும் நிற்கும்.

விசாவும் விமானமும்

மால்டா ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். 15 நாள் என்பது சட்டத்தில் உள்ள கடைசிக் கெடு. நடைமுறையில் இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட் ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும்.

விண்ணப்பத்துக்காக அறையைப் பதிவு செய்யும்போது, பணம் பிடிக்காமல் ரத்து செய்யக்கூடிய பதிவாகப் பாருங்கள். விசா கைக்கு வந்த பிறகு, ரத்து செய்ய முடியாத மலிவு விலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

விமானத்தில் மிச்சம் பிடிக்க விரும்புகிறவர்கள் ரோம், மிலான் போன்ற பெரிய நகரத்துக்கு மலிவுச் சீட்டு எடுத்து, அங்கிருந்து மலிவு விமானத்தில் மால்டா போவது வழக்கம். இதில் மூன்று வலைகள் உண்டு. முதலாவது, எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். இத்தாலியில் நான்கு, மால்டாவில் மூன்று என்றால் இத்தாலி. இரண்டாவது, மலிவு விமானங்களில் இருக்கைக்கு அடியில் அடங்கும் சிறு பை மட்டுமே இலவசம். வாசலில் பெரிய பையோடு மாட்டினால் சீட்டு விலையைவிட அபராதம் கூடும். மூன்றாவது, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களின் பாஸ்போர்ட்டையும் விசாவையும் சில நிறுவனங்கள் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே கவுண்டரில் பார்க்கும். பை கொடுக்க வேண்டியதில்லை என்று நேராக உள்ளே போய்விட்டால், கடைசி வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

இத்தாலியின் சிசிலித் தீவையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு வழி: அங்குள்ள பொசால்லோ துறைமுகத்திலிருந்து மால்டாவின் தலைநகர் வலேட்டாவுக்கு வேகப் படகு, சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம்.

படுக்கை எங்கே

சுற்றுலாப் பக்கங்கள் வலேட்டாவைச் சொல்லும். அழகு உண்மை, ஆனால் அங்கே மலிவு அறை அரிது, மளிகைக் கடையும் குறைவு. கூட்டு அறைப் படுக்கைகள் பெரும்பாலும் ஸ்லீமா, செயின்ட் ஜூலியன்ஸ், க்சீரா பகுதிகளில் இருக்கின்றன. பருவத்தைப் பொறுத்து இரவுக்கு 15 முதல் 30 யூரோ. செயின்ட் ஜூலியன்ஸில் எடுத்தால் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பாச்சேவில் தெருக்களிலிருந்து கொஞ்சம் தள்ளி எடுங்கள். அது இரவு விடுதிகளின் பேட்டை. விடிகாலை நான்கு மணி வரை பாட்டு ஓயாது. அதனால்தான் அங்கே சில படுக்கைகள் மலிவு.

இரண்டு பேராகப் போனால் வடக்கே புஜிப்பா, காவ்ரா பக்கம் பாருங்கள். பழைய ஹோட்டல்கள் நிறைய. பருவம் அல்லாத நாளில் இரண்டு பேர் அறை, இரண்டு கூட்டுப் படுக்கைகளின் விலைக்கே கிடைக்கும். வலேட்டாவுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம் ஆகும் என்பதுதான் குறை. வடக்குக் கடற்கரைகளுக்கும் கோசோப் படகுக்கும் அதுவே பக்கம்.

முன்பதிவு செய்யும் முன் மூன்றைப் பாருங்கள்: சமையலறை உண்டா, பேருந்து நிறுத்தம் ஐந்து நிமிட நடைக்குள் இருக்கிறதா, ஏசிக்குத் தனிக் கட்டணமா. சில வாடகை வீடுகளில் ஏசி நாணயம் போட்டால் ஓடும், அல்லது மீட்டர் பார்த்துக் காசு கேட்பார்கள். இரவுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு சுற்றுச்சூழல் வரியும் உண்டு. அதைப் பெரும்பாலும் விடுதியிலேயே தனியாக வாங்குவார்கள்.

மின் பிளக் சிங்கப்பூர், மலேசியாவில் உள்ள அதே மூன்று தட்டை முள் வகை. இந்திய உருண்டை முள் நுழையாது. அடாப்டரை ஊரிலேயே வாங்கிப் போங்கள்.

பெயர்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஆங்கிலமும் ஆட்சிமொழி என்பதால் பேச்சில் சிக்கல் இல்லை. சிக்கல் ஊர்ப் பெயர்களில்தான். மால்டிய மொழி அரபு வழி வந்தது, எழுதுவது ரோமன் எழுத்தில். எக்ஸ் எழுத்துக்கு ‘ஷ்’ ஒலி. சி, ஜி எழுத்துகளின் தலையில் ஒரு புள்ளி இருந்தால் ‘ச்’, ‘ஜ்’. ஜி-யும் குறுக்குக் கோடு போட்ட எச்-சும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் ஒலியே இல்லை. கோசோவின் சொந்தப் பெயர் ‘ஆவ்தெஷ்’. எழுத்தைப் பார்த்து யாரும் அப்படி ஊகிக்க மாட்டார்கள்.

இதைவிட முக்கியம், ஒரே பெயரில் உள்ள ஊர்கள். ரபாத் என்ற ஊர் மால்டாவில், இம்தீனாக் கோட்டையை ஒட்டி இருக்கிறது. கோசோவின் தலைநகரான விக்டோரியாவையும் அந்த ஊர்க்காரர்கள் ரபாத் என்றே சொல்வார்கள். இம்ஜார் என்பது கோசோவின் படகுத் துறை. மால்டாவின் மேற்கே இம்ஜார் என்று ஒரு கிராமமும் உண்டு. வரைபடத்தில் தவறான இம்ஜாரைத் தட்டி, கடலே இல்லாத வயல்வெளியில் போய் இறங்குகிறவர்கள் குறைவில்லை. வலேட்டாவுக்கு எதிரே உள்ள மூன்று ஊர்களுக்கும் இரட்டைப் பெயர்: பிர்கு என்றால் விட்டோரியோசா, போர்ம்லா என்றால் காஸ்பிக்குவா, இஸ்லா என்றால் செங்லியா.

பேருந்து

ரயில் இல்லை. வாடகைக் கார் வேண்டாம். நிறுத்த இடம் தேடியே நாள் போய்விடும். பேருந்து ஒன்றே வழி, தீவு முழுக்கப் போகும்.

தனிச் சீட்டு கோடையில் 2.50 யூரோ, குளிர்காலத்தில் 2 யூரோ. இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை வண்டி மாறினாலும் அதே சீட்டு செல்லும். ஏழு நாள் வரம்பில்லாப் பயண அட்டை சுமார் 25 யூரோ; விமான நிலையத்திலேயே வாங்கலாம், கோசோவிலும் செல்லும். கோடைக் கணக்கில் பத்து ஏற்றத்தில் அட்டைக் காசு திரும்பிவிடும். ஒரு நாளில் சாதாரணமாக நான்கு முறை ஏறுவீர்கள். ஆக மூன்று நாளுக்கு மேல் தங்கினால் இந்த அட்டை. இரண்டு மூன்று நாள் மட்டும் தங்கும் குழு என்றால் 12 பயண அட்டை எடுங்கள். அதைப் பகிரலாம்: மூன்று பேர் ஏறினால் மூன்று முறை தட்டினால் சரி. ஏழு நாள் அட்டையைப் பகிர முடியாது.

விமான நிலைய வாசலிலிருந்து: எக்ஸ் 4 வலேட்டாவுக்கு, எக்ஸ் 2 ஸ்லீமா, செயின்ட் ஜூலியன்ஸ் பக்கம், எக்ஸ் 3 புஜிப்பாவுக்கு, எக்ஸ் 1 வடகோடியில் உள்ள சிர்கெவ்வா படகுத் துறைக்கு. ‘டிடி’ என்று தொடங்கும் நேரடி வண்டிகளுக்குக் கட்டணம் கூடுதல்.

புதியவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று: நிறுத்தத்தில் நின்றால் மட்டும் வண்டி நிற்காது, கை காட்ட வேண்டும். கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஓட்டுநர் வேறு வண்டிக்குக் காத்திருப்பதாக நினைத்துப் போய்விடுவார். இன்னொன்று: கூட்ட நேரத்தில் நடு வழி நிறுத்தங்களில் நின்று பயனில்லை. வலேட்டா வாசலில் உள்ள முனையத்துக்கோ, தடம் தொடங்கும் இடத்துக்கோ போய் ஏறுங்கள். ஸ்லீமாவிலிருந்து சிர்கெவ்வா போகும் 222 வண்டிக்கு இது நூற்றுக்கு நூறு பொருந்தும்.

நினைவில் வைக்க வேண்டிய தடங்கள், எல்லாம் வலேட்டாவிலிருந்து: இம்தீனாவுக்கு 51, 52, 53. மர்சஷ்லொக் மீனவ ஊருக்கு 81, 85. ஞாயிறு காலைச் சந்தைக்கு ஒன்பது மணிக்குள் போய்விட்டால் நெரிசல் குறைவு. நீலக் குகை, ஹஜார் இம் கற்கோயில்களுக்கு 74. மெல்லீஹா மணல் கடற்கரைக்கு 41, 42. கோல்டன் பே கடற்கரைக்கு 44.

வயிறு

காலை உணவுக்கு பஸ்டிட்ஸி. அடுக்கடுக்கான மாவுக்குள் ரிக்கோட்டா பாலாடைக்கட்டியோ மசித்த பட்டாணியோ வைத்துச் சுட்டது. ஒன்று ஒரு யூரோவுக்குள். இரண்டு தின்றால் மதியம் வரை பசிக்காது. சைவக்காரர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: சில கடைகளில் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். பட்டாணி வைத்தது என்பதால் மட்டும் சைவம் ஆகிவிடாது.

மதியத்துக்கு ஃப்தீரா, 5 முதல் 8 யூரோ. வளையமாகச் சுட்ட ரொட்டியைப் பிளந்து தக்காளி விழுது, ஆலிவ், கேப்பர், சூரை மீன் அடைத்துத் தருவார்கள். மீன் வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள். கோசோவில் ஃப்தீரா கேட்டால் பீட்சா மாதிரி ஒன்று வரும். தவறாகக் கொடுத்துவிட்டார்கள் என்று சண்டை போட வேண்டாம், அங்கே அதற்கு அதுதான் பெயர். அது பெரியது, இரண்டு பேர் பகிரலாம்.

இரவு சமைத்துக்கொள்வதே லாபம். லிடில் போன்ற கடைகளில் அரிசி, முட்டை, தக்காளி, டின் பருப்பு வகைகள் எல்லாம் உண்டு. அண்மை ஆண்டுகளில் இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஏராளமானோர் வேலைக்கு வந்திருப்பதால் மிளகாய்த்தூளும் துவரம்பருப்பும் நகரப் பகுதிகளில் கிடைக்கின்றன. நாளைக்கு 12 முதல் 15 யூரோவில் வயிறார உண்ணலாம். கடலோர உணவகத்தில் ஒரு வேளை உட்கார்ந்தால் இந்தத் தொகை அங்கேயே போய்விடும்.

தண்ணீர்: குழாய் நீரில் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்தது. குடிக்கலாம், ஆனால் சுவை உப்புக் கலந்தாற்போல் இருக்கும். சமையலுக்கும் தேநீருக்கும் அது போதும். குடிக்க ஆறு பாட்டில் கட்டாக வாங்குங்கள். பாட்டிலுக்கு 10 சென்ட் முன்பணம் சேர்த்துத்தான் விலை போடுவார்கள். பெரிய கடை வாசல்களில் உள்ள இயந்திரத்தில் காலி பாட்டிலைப் போட்டால் அதைத் திரும்பப் பெறலாம். நசுக்கிவிடாதீர்கள்; பட்டைக்கோடு படிக்க முடியாவிட்டால் இயந்திரம் துப்பிவிடும்.

கோசோ, கொமினோ

சிர்கெவ்வாவிலிருந்து கோசோவின் இம்ஜாருக்குப் பெரிய படகு, 25 நிமிடம், இரவிலும் ஓடும். போகும்போது யாரும் சீட்டுக் கேட்க மாட்டார்கள். திரும்பும்போதுதான் 4.65 யூரோ, அது இரு வழிக்கும் சேர்த்த கட்டணம். இதனால் ஒரு சூட்சுமம்: வலேட்டாவிலிருந்து 45 நிமிடத்தில் போகும் வேகப் படகும் உண்டு, அதில் ஒவ்வொரு வழிக்கும் தனிக் காசு. வேகப் படகில் போய்ப் பெரிய படகில் திரும்பினால் இரண்டுக்கும் கொடுப்பீர்கள். பெரிய படகில் போய், மாலையில் களைப்போடு வேகப் படகில் நேராக வலேட்டாவுக்குத் திரும்பினால் வேகப் படகுக்கு மட்டும்தான்.

இம்ஜார் கரையில் ஜீப், டுக்-டுக் சுற்றுலா விற்கிறவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களைத் தாண்டி நடந்தால் 301 பேருந்து நிற்கும், விக்டோரியாவுக்குப் போகும். கோசோவின் பேருந்துத் தடங்கள் பெரும்பாலும் விக்டோரியாவிலிருந்துதான் கிளம்பும், பலவும் மணிக்கு ஒன்று. 311 ஐத் தவறவிட்டால் கடலோரத் துவெய்ராவுக்கு அடுத்த வண்டி ஒரு மணி நேரம் கழித்து. எனவே காலையில் நேர அட்டவணையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அதற்கேற்ப நாளை அமைக்க வேண்டும். ஒரு நாளில் முடிகிற கணக்கு: காலையில் ஷாரா ஊரின் ஜிகாந்தியா கற்கோயில், சுமார் கி.மு. 3600இல் எழுப்பியது, நுழைவு 10 யூரோ. மதியம் விக்டோரியாக் கோட்டை, உள்ளே நடக்கக் காசில்லை. பிறகு துவெய்ரா அல்லது மார்சல்ஃபோர்ன் உப்பளங்கள், இரண்டில் ஒன்று. துவெய்ராவின் புகழ்பெற்ற கல் வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் கடலுக்குள் விழுந்துவிட்டது. பழைய அஞ்சலட்டைகளில் மட்டும் இன்னும் நிற்கிறது. உள்கடலும் பாறைகளும் அதற்காகக் குறைந்துவிடவில்லை.

மால்டாவுக்கும் கோசோவுக்கும் நடுவே உள்ள சிறு தீவான கொமினோவின் நீலக் காயலுக்கு ஸ்லீமாவிலிருந்து கிளம்பும் முழுநாள் படகுச் சுற்றுலாவில் பாதி நாள் படகிலேயே கழியும். பேருந்தில் சிர்கெவ்வா போய், அங்கிருந்து சிறு படகு எடுங்கள். போக வர 15 யூரோ அளவில். 2025 முதல் காயல் பகுதியில் இறங்க இணையத்தில் நேரம் பதிவு செய்ய வேண்டும். பதிவு இலவசம், பதிவு இல்லாமல் போனால் கரையேற முடியாது. நிழல் கிடையாது, குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு எடுத்தால் படகுக் காசைவிடக் கூடும். தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், சாப்பாடு எல்லாம் கையோடு. கடைசிப் படகு எத்தனை மணிக்கு, எந்தக் கரையிலிருந்து என்று இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். காற்று மாறினால் ஏற்றும் இடமும் மாறும்.

எதற்குக் காசு கொடுக்கலாம்

வலேட்டாவின் புனித யோவான் இணைப் பேராலயம், 15 யூரோ. இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1608இல் வரைந்த யோவானின் சிரச்சேத ஓவியம் அங்கே இருக்கிறது. அவர் கையொப்பமிட்ட ஓவியம் அது ஒன்றே. தயங்காமல் கொடுங்கள். ஞாயிறு பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை; தோள் மூடிய உடை வேண்டும்; கூர்க் குதிகால் செருப்புக்குத் தடை, தரை முழுக்க பளிங்குக் கல்லறைகள்.

ஹல் சஃப்லீனி என்ற பழங்காலப் புதையிட நிலவறை வேறு வகை. ஒரு நாளைக்கு 80 பேர்தான், பத்துப் பத்துப் பேராக. இரண்டு மூன்று மாதம் முன்பே பதிவு செய்யாவிட்டால் மறந்துவிடுங்கள். விலையும் மலிவு வாரத்துக்கு உரியதல்ல. அதற்குப் பதில் ஹஜார் இம், இம்நைத்ரா கற்கோயில்கள் இரண்டும் ஒரே சீட்டில்.

துறைமுகச் சுற்றுப் படகு தேவையில்லை. ஸ்லீமாவிலிருந்து வலேட்டாவுக்குப் போகும் சாதாரணப் படகில் சுமார் 2 யூரோவுக்கு ஒரு பக்கத்தையும், வலேட்டாவிலிருந்து பிர்குவுக்குத் ‘தைசா’ எனும் சிறு மரப்படகில் ஓரிரு யூரோவுக்கு மறுபக்கத்தையும் பார்த்துவிடலாம். மேல் பராக்காத் தோட்டத்திலிருந்து நண்பகல் பீரங்கி வெடிப்பதைக் காசில்லாமல் பார்க்கலாம். கீழே இறங்கிப் பார்க்கத்தான் கட்டணம். இம்தீனாவில் நடப்பது, டிங்லி மலைமுகட்டில் மாலை வெயில் பார்ப்பது, கோடை வார இறுதிகளில் ஊர்த் திருவிழாக்களின் பேண்டும் வாணவேடிக்கையும் எல்லாம் இலவசம். கடற்கரைகளும் அப்படியே. பாறைக் கரைகளில் மட்டும் ரப்பர் செருப்போடு இறங்குங்கள். கடல்முள்ளி குத்தினால் அன்றைய நடை போயிற்று.

ஏழு நாள் கணக்கு, ஒருவருக்கு: ஆறு இரவு படுக்கை 150, பேருந்து அட்டை 25, கோசோப் படகு 4.65, கொமினோ 15, நுழைவுச் சீட்டுகள் 35, சாப்பாடு 98. மொத்தம் சுமார் 328 யூரோ. விமானமும் விசாவும் தனி.

திரும்பும் விமானம் காலை ஆறு மணிக்கு என்றால் பேருந்தை நம்ப வேண்டாம். விடிகாலையில் வண்டிகள் அரிது. முந்தின இரவே விடுதியில் கேட்டால் அதே விமானத்துக்குப் போகிற இன்னும் இரண்டு பேர் கிடைப்பார்கள். போல்ட் டாக்சிச் செயலியில் ஒரு வண்டி பிடித்துப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். காலி பாட்டில்களை முந்தின மாலையே இயந்திரத்தில் போட்டுவிடுங்கள். விமான நிலையத்தில் காபிக்குச் சில்லறை தேறும்.